எழுநூற்று எண்பத்தாறு பேர் கொண்ட குடும்பம்

தொண்ணூற்றாறாம் ஆண்டு ஆனி மாதத்தில் இடம்பெயர்ந்தோர் பதிவுக் கந்தோரில் கணினி வந்து இறங்கியது. அதற்குச் சந்தனப் பொட்டு வைக்க வேண்டும் என்று முதலில் சொன்னவர் கந்தோரை நடத்துகிற பிரதம லிகிதர் சிவகுருநாதன்தான். இருபத்தாறு வருடச் சேவையில் எவருக்கும் ஒரு நல்ல வார்த்தை சொல்லியறியாத மனிதர், ஒரு பெட்டிக்கு முன்னால் பயபக்தியோடு நின்றார். "சேர், கண்ணாடியில மட்டும் வையாதேங்கோ, துடைக்கிறது கஷ்டம்" என்று கொழும்பிலிருந்து கூடவே வந்த பயிற்றுநர் குலசிங்கம் கெஞ்சிப் பார்த்தான். பொட்டு கண்ணாடியில்தான் விழுந்தது.

கமலேஸ்வரி எல்லோருக்கும் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள். அந்தக் கந்தோரின் தட்டச்சாளர் அவள், வயது நாற்பத்திரண்டு. மாவட்டத்தின் அகதிக் குடும்பங்களின் பெயர்களைக் குலசிங்கம் முன்கூட்டியே ஏற்றிக்கொண்டு வந்திருந்தான். "கிண்ணியா முகாம்களில எத்தனை குடும்பம்?" என்று பிரதம லிகிதர் சோதித்துப் பார்க்கிற குரலில் கேட்டார். குலசிங்கம் ஒரு விசையைத் தட்டினான். கண்ணாடி முழுக்கப் பெயர்கள் ஓடி வந்து வரிசையாக நின்றன. மூன்று நாள் முதுகு ஒடிய இருந்து அவள் அடிக்கிற பட்டியல் அது. "அம்மாளாச்சி!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

வேகத்தைவிட அவளை வியக்க வைத்தது அதன் அமைதி. டக் என்ற ஒரு சத்தம் இல்லாமல் ஒரு மனிதரின் பெயரை எழுதலாம் என்பது அவளுக்கு அன்றுவரை தெரியாது.

அந்தச் சத்தம் அவளை ஆறு வருடமாகத் தின்றுகொண்டிருந்தது. சண்டை மறுபடி மூண்ட தொண்ணூறாம் ஆண்டுப் பிரச்சினைக்குப் பிறகு காணாமற்போனவர்களின் பட்டியலை அடித்தவள் அவள். முந்நூற்றுப் பன்னிரண்டு பெயர்கள். கார்பன் தாள் நாலு பிரதிக்கு மேல் பிடிக்காது. கேட்டவர்களோ பத்துப் பிரதி கேட்டார்கள். பிறகு கொழும்பில் தொலைந்துவிட்டது என்றார்கள், மறுபடியும் அடி என்றார்கள். ஒன்பது தரம் அடித்தாள். அதோடு அந்தப் பட்டியல் தலைக்குள் போய்க் குடியிருந்துவிட்டது. படுத்தால் முதலாம் இலக்கத்திலிருந்து தட்டச்சு ஓடத் தொடங்கும். நடுவில் ஒரு பெயர் தவறினால் திரும்பவும் ஒன்றிலிருந்து. முழுவதையும் ஓட்டி முடித்த நாள் என்று ஒன்று இருந்ததேயில்லை.

இதை யாரிடம் சொல்வது? அந்தக் கந்தோரில் எவருக்கும் காய்ச்சலைத் தவிர வேறு வருத்தம் வந்ததில்லை. விடுமுறைப் படிவங்களை எடுத்துப் பார்த்தால் அப்படித்தான் எழுதியிருக்கும். ஒருதரம் தவராசா என்ற எழுதுநர், வரிசையில் நின்ற சனத்துக்கு முன்னால் தேம்பி அழுதுவிட்டார். மறுநாளே அவரைக் களஞ்சிய அறைக்கு மாற்றினார்கள். பைத்தியம் என்ற முத்திரை விழுந்து, இன்றைக்கும் விசர்த் தவராசா என்றால்தான் ஆளைத் தெரியும். சனத்துக்காக அழுதவருக்கு நல்ல நன்றி! விசர்க் கமலேஸ்வரி என்ற பெயர் தனக்கும் தயாராக இருக்கிறது என்று அவள் நடுங்கிக்கொண்டிருந்தாள்.

கணினி அவளுக்குக் கொஞ்சம் உயிர் கொடுத்தது என்றுதான் சொல்லவேண்டும். மூன்று வாரப் பயிற்சியை இரண்டு வாரத்தில் பிடித்துக்கொண்டாள். "அக்கா, கொழும்பில படிச்சதுகளே இவ்வளவு கெதியாப் பழகேல்லை" என்றான் குலசிங்கம். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவள் கேட்ட முதல் பாராட்டு அது. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதை நினைத்து நினைத்துச் சிரித்தாள்.

வேலையை இப்படிப் பிரித்திருந்தார்கள்: கிண்ணியாவிலிருந்து படகுத்துறை தாண்டி வருகிற மைமூனா, இருபத்துநாலு வயதுப் பிள்ளை, காலையில் புதிய குடும்பங்களைக் கணினியில் பதிவாள். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு கமலேஸ்வரி ஒவ்வொரு வரியாகப் பார்த்துச் சரிபிழை சொல்லவேண்டும்.

பொறுப்பேற்ற முதல் நாளே அந்த வரியைக் கண்டாள். பெயர் இல்லை. ஊர் இல்லை. நிவாரண அட்டை இலக்கம் இல்லை. ஆட்களின் தொகை என்ற முதல் பெட்டியில் மட்டும் 786 என்று நின்றது.

பெயரில்லாத ஒரு குடும்பத்தில் எழுநூற்று எண்பத்தாறு பேர்! காணாமற்போனதுகள் எல்லாம் ஒன்றாய்ச் சேர்ந்து ஒரே குடும்பமாகப் பதிய வந்துவிட்டதுகள் என்று நினைத்தாள். நினைத்த மறுகணமே, இதுதான் விசர், தொடங்கிவிட்டது என்றும் நினைத்தாள். மறுநாள் இன்னொரு வரி. அதற்கு மறுநாளும் ஒன்று. கடைத்தெருவில் ஒவ்வொரு முஸ்லிம் கடைப் பலகையிலும் தினமும் பார்க்கிற இலக்கம்தான். ஆனால் பழகிய முகம் இடம் மாறி நின்றால் யாருக்குத்தான் அடையாளம் தெரிகிறது? அதுவும் ஆறு வருடம் ஒழுங்காக நித்திரை கொள்ளாத கண்ணுக்கு? "தம்பி, இது உமக்கும் தெரியுதோ?" என்று குலசிங்கத்தைக் கேட்க நாக்கு நுனிவரை வரும். இல்லை என்று அவன் சொல்லிவிட்டால்? ஒவ்வொரு நாளும் அந்த வரியை மூச்சைப் பிடித்துக்கொண்டு தாண்டிப் போனாள்.

நாற்பத்தொரு வேலை நாட்கள் போயின. தலைமைக் கந்தோரிலிருந்து கடிதம் வந்தது. பட்டியலில் முப்பத்திரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் கூடுதலாக இருக்கிறார்கள்; திருத்தம் வரும்வரை மாவட்டத்துக்கான அரிசி நிறுத்தப்படும்.

பிரதம லிகிதர் எல்லோரையும் கணினிக்கு முன்னால் கூட்டினார். நீரடியால் எவரும் வராமலிருக்கத் துறைமுகத்துக்குள் கடற்படை வழக்கமாகப் போடுகிற வெடி டும் என்று அதிர்ந்தது. யன்னல் கண்ணாடி ஆடியதை ஒருவரும் கவனிக்கவில்லை.

"சனம் பட்டினி கிடக்கப் போகுது. ஆர் விட்ட பிழை?"

கமலேஸ்வரி தானாகவே எழும்பி நின்றாள். "நான்தான் சேர். சரிபார்க்க விட்டது என்னை. எனக்கு... எனக்கு மனம் சரியில்லை சேர். ஆறு வருசமா நித்திரை இல்லை. இல்லாத குடும்பமெல்லாம் கண்ணுக்குத் தெரியுது. எழுநூற்று எண்பத்தாறு பேர் இருக்கிற குடும்பம், பெயரில்லாமல், ஒவ்வொரு நாளும் வருது. சொல்லப் பயத்தில சொல்லாமல் இருந்திட்டன்."

அந்தச் சுவர்கள் அப்படி ஒரு வாக்கியத்தை அதற்கு முன் கேட்டதில்லை. மைமூனா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"யா அல்லாஹ்! கமலாக்கா, அது உங்கட கண்ணில பிழையில்லை. அது நான் போட்டது."

"என்ன போட்டனீர்?" என்று சீறினார் பிரதம லிகிதர்.

"பள்ளிக்கூடத்திலயிருந்து அப்படித்தானே சேர் பழக்கம். எழுதத் தொடங்கினால் கடதாசியின்ர தலைப்பில முதல்ல 786 போடுறது, பிஸ்மிக்குப் பதிலா. நீங்க உ போட்டுப் பிள்ளையார் சுழி போடுறது மாதிரி. இதில தலைப்பு எங்க இருக்கெண்டு தெரியேல்லை. முதல் பெட்டியில அதைப் போட்டு, அதை அப்படியே விட்டுட்டு, அடுத்த வரியிலயிருந்து வேலை தொடங்குவன்."

குலசிங்கம் விசைகளைத் தட்டினான். நாற்பத்தொரு வரிகள் வந்து நின்றன. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் திகதியும் நேரமும். எட்டு மணி இரண்டு நிமிடம். எட்டு மணி ஐந்து நிமிடம். ஒரேயொரு நாள் மட்டும் பத்தே முக்கால். அது படகுத்துறையில் படையினர் சோதனைக்கு நிறுத்தி, கூட வந்த இரண்டு பேரைப் பிடித்துக்கொண்டு போன நாள். அன்றைக்கும் வந்து, அன்றைக்கும் ஆண்டவன் பெயரைச் சொல்லித்தான் அந்தப் பிள்ளை தொடங்கியிருக்கிறது. இப்படி ஒன்றை அந்தக் கந்தோர் கண்டதில்லை. கோபத்தோடு குனிந்து பார்த்த பிரதம லிகிதர் நிமிர மறந்து நின்றார்.

"அழிக்கட்டோ?" என்று குலசிங்கம் மைமூனாவைத்தான் கேட்டான்.

"அழியுங்கோ. சனத்துக்கு அரிசி போகவேணும். அல்லாஹ்வுக்குத் தெரியும்தானே."

கணக்கு நேரானது. குலசிங்கம் கமலேஸ்வரியின் பக்கம் திரும்பினான். "அக்கா, ஒரு குடும்பத்தில இவ்வளவு பேர் இருக்கேலாது எண்டு இந்தக் கொம்பியூட்டருக்கு விளங்கேல்லை. எனக்கும் விளங்கேல்லை. நாற்பத்தொரு நாளும் சரியாப் பாத்தது நீங்கள் ஒராள்தான்."

அவள் அழுதாள். ஆனால் மனம் சரியில்லை என்று சொன்ன சொல்லை இனி விழுங்க ஏலாது. பிரதம லிகிதர் கதிரையை இழுத்துப்போட்டு அவள் முன்னால் உட்கார்ந்தார். களஞ்சிய அறைதான் என்று அவள் மனதைத் திடப்படுத்திக்கொண்டாள்.

"ஆறு வருசமா நித்திரை இல்லையெண்டீர். படுத்தால் என்ன செய்யுது?"

"பெயர் வரும் சேர். தொண்ணூறாம் ஆண்டுப் பட்டியல்."

"சொல்லும்."

அவள் கண்ணை மூடிக்கொண்டு முதலாம் இலக்கத்திலிருந்து தொடங்கினாள். பயிற்சிக்கென்று ஏற்றியிருந்த அந்தப் பழைய பட்டியலைக் குலசிங்கம் கண்ணாடியில் திறந்து, விரலை வைத்துக்கொண்டு கூடவே போனான். பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர். சல்லி, கப்பல்துறை, மூதூர், கிண்ணியா. ஐம்பது தாண்டியதும் இருந்தவர்கள் எழும்பி நின்றார்கள். ஒருவரும் எழும்பச் சொல்லவில்லை. அட்டைக்காக வரிசையில் நின்ற சனமும் கதையை நிறுத்திவிட்டது. நூற்றெண்பத்தேழாவது ஸெய்னுதீன். "எங்கட மாமா" என்றாள் மைமூனா மெதுவாக. வரிசையிலிருந்து ஒரு கிழவர், தன் மகனின் பெயர் வந்தபோது "ஓம்" என்றார், வகுப்பில் வரவு இடாப்புக் கூப்பிட்டதற்குப் பதில் சொல்வது போல. கமலேஸ்வரி நிறுத்தவில்லை. இருநூறு கழிந்தது. முந்நூறு கழிந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டாவது பெயரைச் சொல்லி, வயதையும் ஊரையும் சொல்லி, வாயை மூடினாள்.

குலசிங்கத்தின் விரல் கடைசி வரியில் நின்றது. "ஒரு பெயர் பிசகேல்லை" என்றான்.

முதலாம் இலக்கத்திலிருந்து திரும்பவும் தொடங்கும் என்று அவள் காத்திருந்தாள். தொடங்கவில்லை. தலைக்குள் இவ்வளவு இடம் இருந்ததா என்று அவளுக்கே அதிசயமாக இருந்தது.

"நாளைக்கு ஆசுப்பத்திரிக்குப் போறீர். டொக்டரிட்ட இதை இப்படியே சொல்லும். மைமூனாவும் கூட வருவா" என்றார் பிரதம லிகிதர். கமலேஸ்வரி தலையாட்டியதாகத்தான் நினைத்தாள். கதிரையின் முதுகில் தலை சாய்ந்தது. யன்னலால் வெய்யில் காலில் விழுந்தது. எங்கோ தூரத்தில், வரிசையில் நின்ற ஒருவர் உரத்த குரலில் அட்டையைக் கேட்பதும், அதற்குப் பிரதம லிகிதர் பதில் சொல்வதும் கேட்டது.

"மெதுவாக் கதையுங்கோ. பிள்ளை நித்திரை கொள்ளுது."