தாம்பாளத்தில் ஓர் ஆயிரம்

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் குற்றாலநாதன் கூடத்து ஊஞ்சலில் மல்லாந்து படுத்து, ஆயிரம் ரூபாய் நோட்டு ஒன்றை இரண்டு கையாலும் முகத்துக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொள்வார். முற்றத்து வெயில் தாளின் ஊடே கசியும். அச்செழுத்தெல்லாம் மங்கி, ஒன்றுமில்லாத வெற்றிடத்தில் வெள்ளைக்கார ராஜாவின் முகம் தண்ணீருக்கடியிலிருந்து எழும்புவதுபோல மெல்லத் தெளியும். ஊஞ்சல் ஆட, முகமும் ஆடும். அப்படியே அவருக்குக் கண் செருகிவிடும்.

அந்த நோட்டு செல்லாது. நாற்பத்தாறாம் வருஷம் ஜனவரியில், ஐந்நூறும் அதற்கு மேற்பட்டதும் செல்லாது என்று சர்க்கார் அறிவித்தபோது, பணம் வந்த வழியைச் சொன்னால் மாற்றித் தருவதாக இருந்தது. யுத்த காலத்தில் நெல்லைப் பதுக்கி விற்ற கதையை யாரிடம் போய்ச் சொல்வது? மாற்றாமலே விட்டார். முதலில் வயிறு எரிந்தது. பார்க்கப் பார்க்க அவற்றின்மேல் ஆசை வந்தது. புளியங்குடி எலுமிச்சை வியாபாரிகளின் பெட்டியடியில் கிடந்தவற்றையும் அஞ்சுக்கும் பத்துக்கும் வாங்கிச் சேர்த்தார். மடிப்பில்லாத நோட்டுக்கு ஒரு மதிப்பு, ஓரம் நைந்ததற்கு ஒரு மதிப்பு என்று மனசுக்குள்ளேயே விலை போடுவார். பழைய பணம் சேகரிக்கிற மதராஸ்காரர் ஒருவர் வந்து பார்த்து, கறையில்லாத நோட்டுகளை நல்ல விலைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்லிப் போனார். விற்க மனமில்லை. அந்த விலையை நினைத்துக்கொண்டே தூங்குவது சுகமாக இருந்தது. செத்த பணத்துக்குச் சீராட்டு என்று மனைவி நெல்லையம்மாள் முணுமுணுப்பாள்.

ஐம்பத்து நான்கில் சர்க்கார் ஆயிரம் ரூபாய் நோட்டைப் புதிதாக அடித்து விட்டபின், பழசுக்கும் புதுசுக்கும் வித்தியாசம் தெரியாத ஊர்களில் பெண்ணைப் பெற்றவர்கள் சிலருக்கு இந்தச் செய்தி எட்டியது. நிச்சயதார்த்தத் தாம்பாளத்தில் வெற்றிலைக்கும் பழத்துக்கும் நடுவே ஆயிரம் ரூபாய் நோட்டு கிடந்தால் சபையில் ஒரு கௌரவம். ஒருநாள் இரவல் கேட்டு வந்தார்கள். காட்சிக்குத்தானே என்று அவரும் கொடுத்தார். தன் நோட்டு மேளச் சத்தத்தில் ஊர்ப்பார்வை பட்டு வருவது அவருக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஐம்பத்தைந்தில், அவர் நிலத்தை விளைச்சலில் பங்குதரும் வாரத்துக்குப் பயிரிட்ட மேலநீலிதநல்லூர் சண்முகையா, மகள் பேச்சித்தாய்க்காக அப்படி ஒன்றை வாங்கிப்போனார். வாசுதேவநல்லூரில் மாப்பிள்ளை. சபையில் காட்டிவிட்டுத் திரும்ப எடுத்துக்கொண்டு, மிளகாய் விற்றதும் சம்பந்திக்கு நல்ல பணமாகக் கொடுத்துவிடலாம் என்பது அவர் கணக்கு. சம்பந்தியோ தாம்பாளத்திலிருந்து நோட்டை எடுத்து மடியில் செருகிக்கொண்டார். அது செல்லாத நோட்டு என்று அத்தனை பேர் நடுவில் சொல்லச் சண்முகையாவுக்கு நா எழவில்லை. கல்யாணமும் நடந்துவிட்டது.

சில மாதம் கழித்து ஒரு மத்தியானம் பேச்சித்தாய் தனியாக வந்து நின்றாள். ஊஞ்சலில் கிடந்தவர் எழுந்து உட்கார்ந்தார். அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து நோட்டை எடுத்துப் பலகைமேல் வைத்தாள்.

"பேங்க்ல செல்லாதுன்னுட்டாகளாம் ஐயா. அன்னிக்கே நானும் செல்லாதவளாயிட்டேன். பஸ் ஏத்தி அனுப்பிட்டாக."

குற்றாலநாதன் ஊஞ்சலைக் காலால் நிறுத்தினார். "செல்லுத ரூபாயாவே ஆயிரம் தாரேன் மக்கா. கொண்டுபோய்க் குடுத்துட்டு நல்லா இரு" என்றார்.

"குடுத்தா என்னையும் சேத்து வச்சிக்கிடுவாக. அது ரூபாய்க்காக வச்சிக்கிடுதது ஐயா, எனக்காக இல்ல." நோட்டை விரலால் அவர் பக்கம் தள்ளினாள். "அடுத்த பொண்ணு தட்டுக்கு இந்தத் தாளு போகாமப் பாத்துக்கிடுங்க. அது போதும்."

அவள் போனபின் அவர் படுத்தார். தூக்கமும் விழிப்பும் கலந்த மயக்கத்தில், கோவில் குளமான ஆவுடைப் பொய்கை முழுக்க நோட்டுகள் தாமரை இலைபோல மிதந்தன. ஒன்றை விலக்கினார், அடியில் ராஜா இல்லை, ஒரு பெண்ணின் முகம் இருந்தது. அடுத்ததை விலக்கினார், இன்னொரு பெண். யாரும் அழவில்லை. எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். திடுக்கிட்டு எழுந்தபோது ஊஞ்சல் ஆடிக்கொண்டிருந்தது.

பெட்டியைத் திறந்து எல்லா நோட்டையும் தரையில் பரப்பினார். மைக்கூட்டில் பேனாவைத் தோய்த்து, ஒவ்வொன்றின் முகத்திலும் குறுக்காக, பெரிதாக, 'செல்லாது' என்று எழுதினார். மை பட்டால் மதராஸ்காரர் காலணாவுக்கும் எடுக்கமாட்டாரே என்றாள் நெல்லையம்மாள். அவர் அடுத்த நோட்டை எடுத்தார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, ஈரம் காய ஒவ்வொன்றாக ஊதினாள்.

ஐப்பசி மழையில் பேச்சித்தாயின் புருஷன் தன் அப்பாவுக்குத் தெரியாமல் வந்து சண்முகையா வீட்டு வாசலில் நனைந்துகொண்டு நின்றான். தனி அடுப்பு, பிறந்த வீட்டில் காசு கேட்கக்கூடாது என்று அவள் சொன்ன இரண்டுக்கும் சம்மதித்தான். வடக்கு வயலை அவர்களுக்கே வாரத்துக்கு விட்டார் குற்றாலநாதன்.

தை பிறந்ததும், புளியங்குடியிலிருந்து ஒருவர் மகள் நிச்சயத்துக்கு நோட்டு இரவல் கேட்டு வந்தார். குற்றாலநாதன் மை எழுதிய ஒன்றை எடுத்துக் காட்டினார். வந்தவர் முகம் வாடிப்போயிற்று. மாப்பிள்ளை வீட்டார் தட்டைப் பார்க்காமல் பேச்சையே எடுக்கமாட்டார்களாம்.

"அப்போ அந்தச் சபைய விட்டு எந்திரிச்சு வந்திரும் வே" என்றார் குற்றாலநாதன். "பொண்ணுக்கு மேல பணம் வச்சாத்தான் எடுப்பேன்னு சொல்லுதவனுக்குப் பொண்ணக் குடுக்காதீரும். அந்தச் சம்பந்தம்தான் செல்லாத நோட்டு. எந்தக் காலத்திலயும் மாத்த முடியாது."