இரண்டாம் ஆளுக்குக் கோழி

"கோழியை அவளுக்கு விட்டுட்ட!"

"எந்தக் கோழி? ஜுசாரா, மெதுவா பேசு, மைக் திறந்து..."

"திறந்தே இருக்கட்டும்! பீப்பாயை உடைச்சது நீ. உன் உயிர் நூலளவுக்கு வந்தாச்சு. அவளுக்குப் பாதிக்கு மேல உயிர் பச்சையா நிக்குது. கோழி வந்து உன் காலடியில விழுது. நீ என்ன பண்ற? ஒதுங்கி நிக்கிற!"

"வெறும் விளையாட்டும்மா, இதுக்குப் போய்..."

"'எடுத்துக்கோ ராஜாத்தி'ன்னு சொன்னியே. என் காதால கேட்டேன். ராஜாத்தியாம்!"

ஜுசாராவின் கழுத்தில் அளவு நாடா தொங்கியது. வாயோரத்தில் ஒரு குண்டூசி. பக்கத்து அறையில் தையல் இயந்திரத்தின் விளக்குகூட அணையவில்லை. திறந்த கதவு வழியே திரையைப் பார்த்துவிட்டு, எழுந்த வேகத்தில் அப்படியே வந்து நின்றுவிட்டாள். அவள் கணவன் வால்தெமிர் சோபாவில் மைக் வைத்த காதுக்கருவியை ஒரு பக்கம் இறக்கி, ஒரு பக்கம் மாட்டி, நடுவில் மாட்டிக்கொண்டவன் முகத்தோடு உட்கார்ந்திருந்தான்.

அது ஒரு தெருச்சண்டை வீடியோ ஆட்டம். இரண்டு பேர் சேர்ந்து ரவுடிகளை அடித்து நொறுக்கிக்கொண்டே போக வேண்டும். வழியில் பீப்பாய்கள் நிற்கும். உடைத்தால் சில சமயம் ஓர் ஆப்பிள் கிடைக்கும்; எப்போதாவது தட்டோடு ஒரு வறுத்த கோழி. தெருவில் கிடந்த கோழிதான், ஆனாலும் எடுத்தவருக்கு உயிர் முழுக்கத் திரும்பிவிடும். ஒரு கோழி, ஒரு ஆள். பங்கு போட முடியாது.

கம்பினா கிராந்தி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் மணிக்கு இவ்வளவு என்று காசு வாங்கி வீடியோ ஆட்டம் ஆட விடும் கடை ஒன்று இருந்தது. அங்கேதான் இந்த ஆட்டத்தில் இருவரும் முதன்முதலாக ஒரே பக்கம் நின்று அடித்தார்கள். அவன் முதல் ஆள், அவள் இரண்டாம் ஆள். கல்யாணமான பிறகு வாங்கிய முதல் பொருளே அந்த ஆட்டத்தை டிவியில் ஆட ஒரு கறுப்புப் பெட்டிதான். கட்டில்கூட அப்புறம்தான் வந்தது. இத்தனை வருஷத்தில் எத்தனை பீப்பாய் உடைந்திருக்கும், எத்தனை கோழி விழுந்திருக்கும்! ஒன்றாவது ஜுசாராவின் வாய்க்குப் போனதா என்றால், இல்லை.

இப்போது வந்திருப்பது வேறு பெட்டி. ரெசீஃபியில் இருக்கிற மகள் அப்பாவின் பிறந்தநாளுக்கு அனுப்பியது. பழைய ஆட்டமெல்லாம் அதற்குள்ளேயே இருக்கும். ஆட்டத்தை அடைத்துவைத்த கேட்ரிட்ஜும் வேண்டாம், வயரும் வேண்டாம். இணையத்தில் எந்த ஊர்க்காரரோடும் சேர்ந்து ஆடலாம். ஜூன் மாதம் பிறந்தால் ஜுசாராவுக்குத் தலை நிமிர நேரம் இருக்காது. சாவ் ஜுவாவ் திருவிழாவில் நடனம் ஆடுகிற பெண்களுக்கெல்லாம் பூப்போட்ட சீட்டித் துணியில் பாவாடை தைத்துத் தர வேண்டும். அந்த இடைவெளியில் வால்தெமிருக்கு ஒரு இரண்டாம் ஆள் கிடைத்துவிட்டாள். தெற்குக் கோடியில், ஸ்வெட்டர் போட்டுத் திரிகிற குளிர் ஊரில், பல் டாக்டர். பெயர் மார்லிசி.

"பஸ்ல ஏறுற எல்லாரையும் நான் ராஜாத்தின்னுதானே கூப்பிடுறேன்" என்றான் வால்தெமிர். அவன் நகரப் பேருந்து ஓட்டுகிறவன். "காய்கறிக்காரி ராஜாத்தி, கன்னியாஸ்திரி ராஜாத்தி. போலீஸ்காரன் ஏறினாகூட ராஜான்னுதான் சொல்றேன்."

"ஊரே ராஜாத்தி. நான் மட்டும் ஜுசாரா."

"அது உன் பேரு!"

"என் பேரு எனக்குத் தெரியும்!"

வாசலில் ஒரு சிரிப்பு கேட்டது. அளவு பார்க்க வந்த பக்கத்து வீட்டு நேயா, இடுப்பைச் சுற்றி ஊசி குத்தின பாவாடையோடு, நகர முடியாமல் நிலைப்படியில் நின்றாள்.

"அக்கா, என் புருஷன் நிஜக் கோழியிலயே எனக்குக் கழுத்தைத்தான் வைப்பான். நீங்க படத்துல இருக்கிற கோழிக்குச் சண்டை போடுறீங்க."

"நீ கையைத் தூக்கிக்கிட்டே நில்லு நேயா. ஊசி குத்தும்."

ஜுசாரா குனிந்து, கணவனின் தலையிலிருந்து காதுக்கருவியைப் பிடுங்கித் தன் தலையில் மாட்டிக்கொண்டாள். திரையில் சிவப்பு உடுப்புச் சண்டைக்காரி நின்றுகொண்டிருந்தாள். அதுவும் ஜுசாராவுடையதுதான். இத்தனை காலம் அவள் மட்டுமே எடுத்து ஆடிய சிவப்பு, இப்போது எவளோ விரலுக்கு ஆடிக்கொண்டிருந்தது.

"யாரும்மா அது?" என்றாள்.

தேன் ஒழுகுகிற குரலைத்தான் அவள் எதிர்பார்த்தாள். வந்ததோ சளி பிடித்த குரல்.

"ஐயோ, ஜுசாரா அக்காவா? எனக்கு எவ்வளவு சந்தோஷமா இருக்கு! அவரு வாயைத் திறந்தா உங்க கதைதான். ஆட்டத்துல நீங்க புலியாமே! கோழியைத் தொடவே மாட்டீங்களாமே! 'என் பொண்டாட்டி உயிர் போற நேரத்துலயும் அந்த மொட்டைத் தலை ரவுடியை நேரா போய் அடிப்பா'ன்னு சொல்லுவாரு. நான் கத்துக்குட்டி அக்கா, கோழி இல்லாம ஒரு தெரு தாண்ட மாட்டேன்."

மார்லிசி நல்ல பெண்ணாக இருந்துதொலைத்தாள். வெறுக்கக்கூட ஜுசாராவுக்கு ஒரு பிடி கிடைக்கவில்லை. வயிற்றெரிச்சல் அதனால் இன்னும் கூடியது.

"உடம்பைப் பாத்துக்கோ. சளிக்கு ஏதாவது சூடா குடி" என்று சொல்லி, கருவியைக் கழற்றி சோபாவில் எறிந்தாள். பிறகு வால்தெமிர் பக்கம் திரும்பினாள்.

"நான் கோழியைத் தொட மாட்டேன்னு யார் சொன்னது?"

"நீதான் சொன்ன."

"எப்ப?"

"கடையில. முதல் தடவை ஆடினப்ப. 'நீ எடுக்கிறியா'ன்னு கேட்டேன். 'எனக்கெதுக்கு? நீயே தின்னு'ன்ன."

அவளுக்கு நினைவு வந்தது. பதினாறு வயது. நாற்காலிக்குப் பின்னால் தங்கள் முறைக்குக் காத்திருந்த பையன்கள் கழுத்தில் மூச்சு விட்டுக்கொண்டு நின்றார்கள். 'பொண்ணுதானே, பாருடா, இப்பக் கோழிக்கு ஓடுவா' என்று ஒருவன் சொன்னது காதில் விழுந்தது.

"அது அந்தப் பசங்க காதுக்காகச் சொன்னது!"

"எனக்கு எப்படித் தெரியும்? அப்புறம் ஒரு நாளாவது கேட்டியா?"

"கேட்டு வாங்க அது என்ன பஸ் டிக்கெட்டா? அவ கேட்டாளா உன்கிட்ட?"

மார்லிசி கேட்டதில்லை என்பது அவன் முகத்திலேயே எழுதியிருந்தது.

"எழுந்து வா" என்றாள் ஜுசாரா.

தையல் அறையில் பழைய குண்டு டிவி துணி மூட்டை வைக்கும் மேசையாகப் போயிருந்தது. அவள் மூட்டையைத் தரையில் தள்ளினாள். அலமாரி மேலிருந்து கறுப்புப் பெட்டி இறங்கியது. கேட்ரிட்ஜின் பல்லை அழிரப்பரால் தேய்த்து, உள்ளே அழுத்தி, டிவியை மூன்றாம் சேனலுக்குத் திருப்பினாள். படம் ஒருமுறை புரண்டு படுத்து, பிறகு எழுந்து நின்றது. நிறங்கள் ஒன்றின் மேல் ஒன்று வழிந்தன.

இந்தப் பெட்டியின் பொத்தான் பிடிகளுக்கு வயர் குட்டை. தரையில் முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்தால்தான் இருவருக்கும் எட்டும். ஜுசாராவின் கை தானாகவே இரண்டாம் ஆளின் பிடியை எடுத்தது. நேயாவும் ஊசிகளோடு மெல்ல வந்து கட்டில் ஓரமாக நின்றுகொண்டாள், உட்கார முடியாதே.

"ஆகா, இதுல அழுத்தின உடனே அடி விழுது பாரு" என்றான் வால்தெமிர், சமாதானம் பேசுகிற குரலில். "புதுசு கொஞ்சம் யோசிச்சிட்டுத்தான் அடிக்குது."

முதல் தெருவை இருவரும் பேசாமலே கடந்தார்கள். பேச வேண்டிய தேவையும் இல்லை. அவன் இடப்பக்கம் போனால் அவள் வலப்பக்கம், அவன் குனிந்தால் அவள் குதிப்பாள். இது மார்லிசிக்கு எத்தனை வருஷமானாலும் வராது என்று நினைத்தபோது அவளுக்கு ஒரு நிமிஷம் நெஞ்சு குளிர்ந்தது. ஒரே ஒரு நிமிஷம்.

இரண்டாம் தெருவில் சங்கிலி சுழற்றிக்கொண்டு மொட்டைத் தலையன் வந்தான். ஜுசாரா குதிக்கவில்லை. நின்றாள். அடி விழுந்தது. மறுபடியும் நின்றாள்.

"ஏன் நிக்கிற? குதி! ஜுசாரா, குதி!"

"எனக்குத் தெரியும்."

கீழே கிடந்த இரும்புக் குழாயை எடுத்து அவள் வீசியதில் மொட்டைத் தலையனோடு சேர்ந்து வால்தெமிரின் ஆளும் சுருண்டு விழுந்தான்.

"ஏய், என்னையும் சேத்து அடிக்கிற!"

"தெரியாம பட்டுச்சு."

இன்னொரு தரமும் தெரியாமல் பட்டது. நேயா வாயைப் பொத்திக்கொண்டாள். இப்போது இருவர் உயிரும் நூலளவு. பீப்பாயை வால்தெமிர் உடைத்தான். தட்டோடு கோழி விழுந்தது.

பழக்கத்தில் அவன் ஆள் கோழியை நோக்கி ஒரு அடி வைத்தான். நின்றான். பின்னால் நகர்ந்தான்.

"எடுத்துக்கோ" என்றான் வால்தெமிர். பேருந்தில் 'உள்ள போ, உள்ள போ' என்று சொல்கிற அதே குரல்.

சிவப்பு உடுப்புக்காரி அசையவில்லை.

"எடு ஜுசாரா. அதுக்குத்தானே இவ்வளவும்? நேரம் ஓடுது பாரு."

திரையின் உச்சியில் எண்கள் இறங்கிக்கொண்டிருந்தன. பூஜ்யத்துக்கு வந்தால் இரண்டு பேரும் சாவார்கள். கோழி விளக்குப்போல் மினுக்கி மினுக்கி, மறையப்போவதாக மிரட்டியது.

"வேணும்னா நான் வந்து எடுக்கட்டுமா?" என்றாள் நேயா.

"எடும்மா. நான்தான் விட்டுட்டேன்ல? இன்னும் என்ன?"

ஜுசாராவின் கட்டைவிரல் பொத்தானின் மேல் இருந்தது. முட்டி அவன் முட்டியைத் தொட்டுக்கொண்டிருந்தது. அவன் பக்கம் திரும்பாமல், கோழியைப் பார்த்தபடியே சொன்னாள்:

"அவகிட்ட சொன்ன மாதிரி சொல்லு."