வெளுத்த படம்

தெய்வாத்தாள் இரண்டு எக்ஸ்ரே படங்களையும் வராந்தா ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். முதல் படம், கோழிப்பண்ணையில் வேலை பார்த்த புருஷன் வெள்ளியங்கிரியை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று எடுத்தது. விலா எலும்புகளுக்குள் நெஞ்சு கறுப்பாகக் கிடந்தது. வலப்பக்கம் அடியில் மட்டும் கொஞ்சம் வெண்மை. இன்றைய படத்தில் இரண்டு பக்கமும் நன்றாக வெளுத்திருந்தது. கருமத்தம்பட்டிப் பக்கம் சலவைப் பட்டறையில் காடாத் துணி வெளுக்கிறவள் அவள். அழுக்குப் போனதும் போகாததும் அவள் கண்ணுக்குத் தப்பாது. பீடி குடித்தே நெஞ்சைக் கரியாக்கிக்கொண்ட மனுஷன் என்று அவனைத் திட்டாத நாளில்லை. போட்ட ஊசியெல்லாம் வீண்போகவில்லை என்று நினைத்ததும் அழுகை வந்துவிட்டது. வார்டுக்குள் ஓடி, "நெஞ்சு வெளுத்துருச்சுங்க, பொங்கலுக்கு ஊட்டுக்குப் போயிரலாமுங்க" என்றாள். ஆக்சிஜன் மாஸ்க்குக்குள் அவன் சிரித்தான்.

அந்தச் சந்தோஷத்தோடுதான் டாக்டர் கிருபாசங்கரிடம் படத்தை நீட்டினாள். அவர் வெகுநேரம் பார்த்தார்.

"பண்ணையில கோழி செத்துதுன்னீங்களே அம்மணி, அதையெல்லாம் இவருதான் பொதச்சாரா?"

"ஆமாங்க. கொத்துக் கொத்தா உழுந்துதுங்க. ஓனர் சொன்னாருன்னு வெறுங்கையில அள்ளிப் பொதச்சாருங்க."

"ஹாங்காங்ல கோழிக் காய்ச்சல் மனுசனுக்கும் வந்திருக்குதுன்னு பேப்பர்ல போட்டிருக்குது. இது அதானான்னு கண்டுபுடிக்க இங்க வழியில்லை. எதுவா இருந்தாலும் நுரையீரல் ரெண்டும் ரொம்பக் கெட்டுப்போச்சு."

"வெளுத்திருக்குதுங்களே!"

"படத்துல கறுப்பாத் தெரியறதுதான் காத்து, அம்மணி. வெள்ளையா இருக்கற எடமெல்லாம் சளியும் நீரும் கட்டிக்கிச்சு. மருந்து குடுத்துட்டுத்தான் இருக்கறோம். சொந்தக்காரங்க இருந்தா வரச் சொல்லிருங்க."

அவளுக்குச் சட்டென்று விளங்கவில்லை. விளங்கியதும் முதலில் வந்தது வேறு பேச்சு.

"அவருகிட்டச் சொல்லிப்போட்டேனுங்களே" என்றாள். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அவள் கட்டிலுக்குப் போனபோது வெள்ளியங்கிரி கையை ஆட்டிப் படத்தைக் கேட்டான். காட்டாவிட்டால் தெரிந்துவிடும். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள். வெள்ளை முழுவதையும் அவன் ஆசையோடு பார்த்தான். பிறகு உச்சியில், தோள் எலும்பை ஒட்டி மிஞ்சியிருந்த சின்னக் கறுப்பின் மேல் விரலை வைத்தான்.

"இதும்... போயிருமா அம்மணி?"

படத்தை இன்னொரு கையையும் கொடுத்து அவள் பிடித்துக்கொண்டாள்.

"அது இருக்கட்டுமுங்க" என்றாள்.

விரலை எடுக்காமல், மூச்சு வாங்க, அவன் அந்தக் கறுப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.