இரண்டு தாள் குறைவு

முந்நூற்று எண்பத்தேழரை. நூலகத்துக்கு நான் கட்ட வேண்டிய பாக்கி அவ்வளவு. புத்தகத்தின் விலை முந்நூற்று முப்பது. மீதி ஐம்பத்தேழரை, அதைக் கிழித்த குற்றத்துக்கு. அந்த அரை எதற்கு என்று கேட்டேன். விதியில் அப்படித்தான் இருக்கிறது என்றார்கள். விதி என்று வந்துவிட்டால் அரையைக்கூட விடாது என்பது எனக்குத் தெரியாததா.

சனிக்கிழமைக்குள் கட்டாவிட்டால் என் உறுப்பினர் அட்டை ரத்து. ஐம்பத்தொரு வயதில் வாங்கிய அட்டை. அதில் என் கையெழுத்து இருக்கிறது, ரேகை இல்லை. அதுவரை என்னிடம் இருந்த அட்டைகளில் எல்லாம் என் கட்டைவிரல்தான் எனக்காகப் பேசியது.

இவ்வளவுக்கும் காரணம் சந்தோஷம்.

என் மனைவி ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடிக்கிறாள். நாளைக்கு நானூறு விரிப்பு. அவற்றின் நடுவே ஒருநாள் யாரோ நோயாளி விட்டுப்போன பத்திரிகைத் தாள் ஒன்று கிடைத்தது. ‘சின்னச் சின்னச் சந்தோஷங்கள்’ என்று தலைப்பு. வாழ்க்கை இனிக்க வேண்டுமானால் அக்கம்பக்கத்தில் எங்காவது போய்வர வேண்டும். கையால் எதையாவது செய்ய வேண்டும். இத்தனை மாதத்தில் இத்தனை புத்தகம் என்று குறி வைத்துப் படிக்க வேண்டும். எழுதியவரின் படமும் இருந்தது. நல்ல தூக்கம் தூங்கிய முகம்.

“கையால ஏதாவது செய்யணுமாம்,” என்றாள்.

“நான் என்ன காலாலயா மூட்டை தூக்குறேன்?”

“அது வேலைங்க. இது சந்தோஷத்துக்கு.”

பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் மூன்று கட்டம் போட்டு அலமாரிக் கதவில் ஒட்டினாள். வெளியே, கைவேலை, படிப்பு. ஒவ்வொன்றையும் முடித்ததும் ஒரு டிக் போட வேண்டும். அவளுடைய தம்பி, என் மச்சினன், வேன் ஓட்டுகிறான். தனியாகச் சமைத்தால் ருசி வரவில்லை என்று நான்கு வருடமாக எங்கள் வீட்டில் ருசி பார்க்கிறவன். தட்டோடு வந்து நின்று கட்டங்களைப் பார்த்தான்.

“அக்கா, நாலாவதா தூக்கம்னு ஒரு கட்டம் போடு. மாமா வருஷக் கணக்க ஒரே வாரத்துல முடிச்சிருவாரு.”

முதல் ஞாயிறு, பூங்காக் குளம். போய்ப் பார்த்தால் குளத்தைச் சுத்தம் செய்யத் தண்ணீரை வடித்திருந்தார்கள். பெஞ்சில் உட்கார்ந்து சிமெண்ட்டைப் பார்த்தோம். ஒரு செருப்பு கிடந்தது. அதற்கு ஜோடி எங்கே என்று தேடியதில் அரைமணி போனது. “காத்து நல்லா வருதுல்ல,” என்றாள். வந்தது, சேற்று நாற்றத்தோடு. டிக்.

இரண்டாவது, பேருந்தில் ஏறிக் கடைசி நிறுத்தம்வரை போய்த் திரும்புவது. தெரியாத இடத்தைப் பார்க்கலாம் என்றாள். ஏறி உட்கார்ந்ததும் நான் தூங்கிவிட்டேன். கடைசி நிறுத்தத்தில் இறங்கிக் கண்ணைக் கசக்கிப் பார்த்தால், எதிரே எங்கள் கிடங்கின் பின்பக்கக் கதவு. முப்பது வருடமாக முன்பக்கமாகவே போய்வந்த எனக்கு அங்கே ஒரு பேருந்து நிறுத்தம் இருப்பதே தெரியாது. மேஸ்திரிக்கு என்னைத் தெரியும்.

“அட, நீயே வந்துட்டியா? ரெண்டு பேர் வரல. ஒரு லோடு நிக்குது.”

அன்று என் உல்லாசப் பயணத்தில் அறுபது மூட்டை இறக்கினேன். என் மனைவி ஒரு மூட்டைமேல் உட்கார்ந்து, கொண்டுவந்த ரொட்டியைத் தின்றுகொண்டே பார்த்தாள். வீட்டுக்கு வந்து அதற்கும் டிக் போட்டாள்.

“இது எப்படிச் சேரும்?”

“போனோம்ல? பாத்தோம்ல? நீங்க வேலை செய்யுறத நான் இதுவரைக்கும் பாத்ததே இல்ல.”

கைவேலையில் எனக்குக் கிடைத்தது குரோஷா ஊசி. வாழ்க்கை முழுக்க மூட்டைக் கொக்கியோடு பிழைத்தவன் கையில், கொக்கி போட்ட குட்டி ஒன்றைக் கொடுத்து, பூ பின்னச் சொன்னாள். எனக்குத் தெரிந்தது லாரிப் பாரத்துக்குப் போடும் முடிச்சு. அதையே நூலில் போட்டேன். நான் பின்னிய பூவைப் பிரிக்க முடியவில்லை, கத்தரியாலும் லேசில் வெட்ட முடியவில்லை. ஆடும் மேசைக் காலுக்குக் கீழே வைத்தோம். மேசை ஆடுவது நின்றது.

அவள் காகிதப் பூ செய்தாள். சலவைக்கூடத்தில் தேதி போன துணிக்கணக்குப் படிவங்களைத் தூக்கி எறிவார்கள். அச்சடித்த அந்தத் தாளை நறுக்கி, சுருட்டி, மாவுப் பசை போட்டு ஒட்டுவாள். முதல் ஏழு பூவும் காலையில் பார்த்தால் வாய் பிளந்து கிடந்தன. எட்டாவது நின்றது. அப்படி ஒட்டியிருந்தாள். அதை என் கையில் கொடுத்து, “படிக்கிற பக்கத்துல வச்சுக்கங்க,” என்றாள். அப்படித்தான் அது புத்தகத்துக்குள் போனது. அங்கேதான் வினையும் போனது.

படிப்பில் என் குறி, மூன்று மாதத்தில் ஒரு புத்தகம். நாளைக்கு மூன்று பக்கம். நூலகத்தில் புத்தகத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று தெரியவில்லை. கையில் தூக்கிப் பார்த்து, மிதமான கனத்தில் ஒன்றை எடுத்தேன். கலங்கரை விளக்கத்தில் காவல் இருந்த ஒருவன் காணாமல் போகிற கதை. கவுண்ட்டரில் இருந்த பெண் பதிவேட்டைத் திருப்பி, “இங்க ஒரு கையெழுத்து,” என்றாள்.

எண்ணாமல் நான் கையெழுத்துப் போடுவதில்லை. ஆறு வருடத்துக்கு முன்னால் கிடங்கில் ஒரு சீட்டில் கேட்ட இடத்தில் ரேகை வைத்தேன். அதில் நூறு மூட்டை என்று இருந்ததாம், வந்தது எண்பத்தொன்பது. பதினொரு மூட்டைக்கும் என் கூலியில் பிடித்தார்கள். அந்த மாதமே சங்கக் கட்டடத்தில் நடந்த எழுத்து வகுப்பில் போய் உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு சரக்கைக் கை தொடுமுன் எண்ணுவேன். குறைந்தால் சீட்டிலேயே ‘குறைவு’ என்று எழுதி, அதன் கீழேதான் கையெழுத்து.

புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் 268 என்று இருந்தது. தாளுக்கு இரண்டு பக்கம். நூற்று முப்பத்துநான்கு தாள் இருக்க வேண்டும். கவுண்ட்டரிலேயே நின்று எச்சில் தொடாமல் எண்ணினேன். நூற்று முப்பத்திரண்டு. மறுபடி எண்ணினேன். 212-க்கு அப்புறம் 217 வந்தது. எனக்குப் பின்னால் வரிசை நீண்டது.

“ரெண்டு தாள் குறையுதும்மா.”

“பரவால்லங்க, எடுத்துட்டுப் போங்க. யாரும் எண்ண மாட்டாங்க.”

“நான் எண்ணிட்டேனே.”

“அதுக்கு நான் என்ன செய்யணும்?”

“நீங்க ஒண்ணும் செய்ய வேணாம். நான் எழுதிக்கிறேன்.” பதிவேட்டில் என் பெயருக்கு நேரே ‘2 தாள் குறைவாகப் பெற்றுக்கொண்டேன்’ என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டேன். என் எழுத்துக்கு இடம் அதிகம் வேண்டும். அடுத்த ஆளின் கட்டத்திலும் பாதி போனது. அந்தப் பெண் சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினாள்.

சாயங்காலம் வீட்டில் என் மனைவி துணி மடிப்பாள், நான் எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படிப்பேன். ஆஸ்பத்திரியில் நானூறு மடித்துவிட்டு வந்து வீட்டிலும் மடிக்கிறவளுக்கு அந்தக் காவலனின் கவலை பெரிதாகிவிட்டது. தவணையை ஆறு முறை நீட்டித்துப் படித்தேன். மச்சினனும் தட்டோடு வந்து உட்கார ஆரம்பித்தான். முகம் மட்டும் கேட்காத மாதிரி இருக்கும். 212-இல் காவலனின் இரும்புப் பெட்டியை அதிகாரி திறக்கிறார். 217-இல் அதிகாரி படகில் திரும்பிக்கொண்டிருக்கிறார், கண் கலங்கி.

“பெட்டியில என்ன இருந்துச்சு?” என்றாள்.

“அதுதான் குறைவு.”

இரண்டு நாள் வீட்டில் வேறு பேச்சில்லை. மகளின் சட்டையாக இருக்கும் என்றாள் அவள். பெட்டி காலியாக இருந்திருக்கும், அதனால்தான் அழுகிறார் என்றான் மச்சினன். “அவ்ளோ தூரம் படகுல போயி காலிப் பெட்டின்னா நானும் அழுவேன், டீசல் காசு யாரு குடுக்குறது?” நான் சம்பளப் பாக்கிச் சீட்டு என்றேன். யாரும் என் கட்சிக்கு வரவில்லை. இந்தச் சண்டையை மட்டும் எந்தக் கட்டத்திலும் எழுதி டிக் போட அவளுக்குத் தோன்றவில்லை.

புத்தகத்தை முடித்துத் திருப்பிக் கொடுக்கப் போனபோது கவுண்ட்டரில் அந்தப் பெண் இல்லை. தலைமை நூலகர் இருந்தார். கண்ணாடியைச் சங்கிலியில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்ட அம்மா. புத்தகத்தைப் புரட்டினார். காகிதப் பூ கீழே விழுந்தது. 212 வந்தது. 217 வந்தது. பூவைக் கையில் எடுத்தார்.

“இது என்ன?”

“பூங்க.”

“எதுல செஞ்சது?”

“ஆஸ்பத்திரிப் படிவத்துல. என் வீட்டுக்காரம்மா செஞ்சது.”

“அச்சடிச்ச தாளா இருக்கு.” பூவைப் பிரித்துப் பார்க்க முயன்றார். பிரியவில்லை. ஏழு பூ தானாகப் பிரிந்துகொண்டன. வாயைத் திறந்து உண்மை சொல்ல வேண்டிய இந்த ஒன்று இறுக்கி மூடிக்கொண்டது.

“எடுக்கும்போதே ரெண்டு தாள் இல்லைங்க மேடம். பதிவேட்டுல எழுதியிருக்கேன்.”

“அந்த மாசப் பதிவேடு மேல போயிடுச்சு.”

“அந்தப் பொண்ணக் கேளுங்க.”

“வேற கிளைக்கு மாத்திட்டாங்க. ஒரு நாளைக்கு நூறு பேர் வர்றாங்க, உங்க ரெண்டு தாள் அவளுக்கு ஞாபகம் இருக்குமா?” அபராதச் சீட்டை எழுதி, பூவை அதோடு சேர்த்துப் பின் அடித்துக் கோப்பில் வைத்தார். சாட்சிப் பொருளாம். நகலை என்னிடம் கொடுத்தார்.

வீட்டில் சீட்டைப் பார்த்ததும் என் மனைவி அலமாரிக்குப் போய்க் கட்டங்களை உரித்தாள்.

“எதுக்கு இப்ப அத எடுக்குற?”

“என் பூவாலதானே? நான் கட்டிடறேன். நமக்கெல்லாம் இது சரிப்படாதுங்க.”

“கட்டவே கட்டாத மாமா,” என்றான் மச்சினன். “அட்டை போனா போகுது. அத வச்சு என்ன அரிசியா வாங்கப் போற?”

நான்கு வருடமாக அரிசிக்குக் கவலைப்படாதவன் சொல்கிறான். கட்டினால் கிழித்தவன் என்று ஒப்புக்கொண்டதாகும். கட்டாவிட்டால் கிழித்துவிட்டு ஓடியவன். பதினொரு மூட்டைக்கு வாய் மூடிக் கட்டியபோது எனக்கு எழுதத் தெரியாது. இப்போது எழுதிவிட்டும் கட்டினால், அந்த எழுத்து வகுப்புக்குப் போன சாயங்காலங்களில் நான் தூங்கியிருக்கலாம்.

சனிக்கிழமை அவளையும் கூட்டிக்கொண்டு நூலகத்துக்குப் போனேன்.

“பதிவேட்டப் பாக்கணும் மேடம்.”

“சொன்னேன்ல? மேல்மாடில முப்பத்துநாலு அட்டைப் பெட்டி இருக்கு. எதுல இருக்குன்னு தெரியாது. ஒவ்வொண்ணும் அவ்ளோ கனம். இறக்கிப் பாக்க ஆள் இல்ல.”

நான் என் மனைவியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள்.

“ஆள் இல்லையா?” என்றேன்.

மேல்மாடி அறையைப் பார்த்ததும் எனக்குக் கோபமே வந்தது. படித்தவர்கள் அடுக்கிய அடுக்கு. கனமான பெட்டி மேலே, லேசானது கீழே நசுங்கி, எழுதி ஒட்டிய பக்கம் எல்லாம் சுவரைப் பார்த்து. எங்கள் கிடங்கில் இப்படி அடுக்கியவனை மேஸ்திரி அடுத்த நாள் உள்ளே விடமாட்டார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். நூலகரம்மா கதவருகே மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார். நான் இறக்க, என் மனைவி ஒவ்வொன்றாகத் திறந்து மாதத்தைப் பார்த்தாள்.

“பாத்து எறக்குங்க, பழசு எல்லாம்,” என்றார் அம்மா.

“நானும் பழசுதாங்க.”

இருபத்தாறாவது பெட்டியில் இருந்தது. நூலகரம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு புரட்டினார். தேட வேண்டியிருக்கவில்லை. பக்கம் முழுக்கச் சின்னச் சின்னக் கையெழுத்து. நடுவில் பக்கத்துக் கட்டத்தையும் அடைத்துக்கொண்டு என்னுடையது. ‘2 தாள் குறைவாகப் பெற்றுக்கொண்டேன்.’ மேலே எங்கள் நூலக முத்திரை, கொஞ்சம் சாய்ந்து. இரண்டு முறை படித்தார்.

“இங்க இப்படி யாரும் எழுதினதே இல்ல,” என்றார்.

“எண்ணியிருக்க மாட்டாங்க.”

நான் முப்பத்துநான்கு பெட்டியையும் திரும்ப அடுக்கினேன். கனமானது கீழே, எழுதிய பக்கம் வெளியே பார்த்து, மாத வாரியாக. யாரும் கேட்டு அடுக்கியதில்லை, அப்படியே விட்டுவரக் கை கேட்கவில்லை. என் மனைவி தலையில் தூசியோடு படியில் உட்கார்ந்து பையிலிருந்து எதையோ எடுத்தாள். காலண்டர் தாள். உரித்ததைத் தூக்கி எறியாமல் மடித்து வைத்திருக்கிறாள், விரிப்பு மடிக்கிற மடிப்பில்.

“அது எதுக்கு?”

“வெளிய வந்தோம்ல,” என்று டிக் போட்டாள்.

கீழே வந்ததும் நூலகரம்மா கோப்பைத் திறந்து, அபராதச் சீட்டிலிருந்து பூவைப் பின்னோடு பிடுங்கி அவளிடம் நீட்டினார். ஓர் இதழில் ஓட்டை.

“மன்னிச்சுக்கங்கம்மா. நல்லா செஞ்சிருக்கீங்க, பிரியவே இல்ல.”

“எட்டாவதுதாங்க நின்னுச்சு,” என்றாள் அவள்.

அம்மா சிவப்பு மையில் முந்நூற்று எண்பத்தேழரையின் குறுக்கே கோடு இழுத்து, பக்கத்தில் ‘தள்ளுபடி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். என் நகலிலும் அதேபோல் எழுதிக் கொடுத்தார். வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, எழுத்துக் கூட்டி முழுக்கப் படித்தேன். அரையின்மேலும் கோடு போயிருக்கிறதா என்று பார்த்தேன். போயிருந்தது.

“என்னங்க, சரியா இருக்கா?” என்றார்.

“தேதி இல்லைங்க மேடம்.”

பேனாவை மறுபடி திறந்து தேதி போட்டார்.