மஞ்சளைக் குறைத்த படம்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒற்றை வரியாக. கைக்குழந்தைகளைப் படமெடுக்கும் ஒரு பெண் பேச்சுவாக்கில் சொன்னாள்: “உள்ள நிறத்தை உள்ளபடி குடுத்தா யாருக்கும் பிடிக்காதுங்க.” சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குத் தாவிவிட்டாள். மீதியெல்லாம் என் கைச்சரக்கு. அவளைத் தேடிப்போய்க் கேட்டுவிடாதீர்கள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘ஒளி எழுதும் கவிதையே புகைப்படம் என்று அவள் நம்பிக்கொண்டிருந்த அந்த மாலை—’

அடித்துவிட்டேன். சொல்லப்போவதற்கு இந்தக் குரல் ஆகாது.

2

ஸ்டுடியோவை அவளும் அண்ணனும் சேர்ந்து நடத்தினார்கள். படமெடுப்பதும் திருத்துவதும் அவள். வருகிறவர்களிடம் பேசுவது அவன். ஒருநாள், பிறந்து ஒரு வாரம்கூட ஆகாத தலைப்பிள்ளையோடு ஒரு தாய் வந்தாள். பிள்ளை கண்ணே திறக்கவில்லை.

“இவன் சமத்து, அக்கா. அழவே மாட்டேங்கிறான்.”

பிஞ்சுக் கண் கூசக்கூடாதே என்று விளக்கைத் தணித்துத்தான் எடுத்தாள். மறுநாள் கணினியில் பார்த்தால் படமெங்கும் நாய்ஸ். மணலை அள்ளித் தூவியதுபோல் பொடிப்பொடியாய் நிறப்புள்ளிகள். பிள்ளையின் முகத்தில் தெரிந்த மஞ்சள் நிறமும் அதில் சேர்த்திதான் என்று நினைத்து நீக்கினாள். புள்ளிகள் போயின. மஞ்சள் போகவில்லை.

மானிட்டர்மேல் சந்தேகம் வந்தது. நிறம் அளக்கும் கருவியைத் திரையில் மாட்டி, மறுபடி கலிப்ரேட் செய்து நிறத்தை நேராக்கினாள். நிறம் சரிபார்க்கப் பிள்ளையின் பக்கத்தில் வைத்தெடுத்த சாம்பல் அட்டை சாம்பலாகவே இருந்தது. போர்வை வெள்ளைவெளேரென்று இருந்தது. பிள்ளையின் முகம் மட்டும் மஞ்சளாகவே இருந்தது.

(இந்த இடத்தில் நிறங்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். அவள் பயத்தை எழுதப் பயந்துதான் அதை எழுதினேன் என்று புரிந்ததும் கிழித்துப் போட்டேன்.)

“அண்ணா, கலர் சரியாத்தான் இருக்கு. குழந்தைதான் மஞ்சளா இருக்கு.”

“அவங்க வீட்டுல யாருக்கும் கண்ணு இல்லையா? நீ டாக்டர் வேலை பாக்காதே.”

மனசு கேட்காமல் போன் செய்தாள். எடுத்தது பிள்ளையின் அப்பா.

“சார், பையன் கொஞ்சம் மஞ்சளா…”

“மஞ்சளா இருந்தா சரிபண்ணிக் குடுங்கம்மா. அதுக்குத்தானே உங்ககிட்ட வந்தோம்?”

‘டாக்டர்கிட்ட காட்டுங்க’ என்ற பேச்சு தொண்டைவரை வந்தது. [இதைத் திரும்பத் திரும்ப எழுதிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் அவள் சொல்லிவிட்டாள், பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கே நம்பிக்கை வரவில்லை.]

“சரிங்க சார்,” என்றாள்.

மஞ்சளைக் குறைத்தாள். கன்னத்தில் லேசாகச் சிவப்பு ஏற்றினாள். படம் போய்ச் சேர்ந்தது.

3

அந்த வீட்டில் தாய்க்குப் பிள்ளை மஞ்சளாயிருக்கிறானோ என்று ஏற்கெனவே உறுத்தல் இருந்தது. புருஷன் போனில் வந்த படத்தை அவள் முகத்துக்கு நேரே நீட்டினான்.

“பாரு, ரோஜாப்பூ மாதிரி இருக்கான். நீதான் வீணா மனசைப் போட்டுக் குழப்பிக்கிற.”

அவள் சமாதானமானாள். பிள்ளை பாலை மறுத்து, உடம்பை வில்லாய் வளைத்துக் கீச்சுக்குரலில் வீறிட்டபோதுதான் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். காமாலை மூளையைத் தொட்டிருந்தது. உயிர் தப்பியது. காது போய்விட்டது.

4

சில மாதம் கழித்து, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு தாய் ஸ்டுடியோவுக்கு வந்தாள். அண்ணன் நைசாக உள்ளே நழுவிவிட்டான்.

“அக்கா, நீங்க திருத்துறதுக்கு முன்னாடி இருந்த படம் வேணும்.”

“இப்ப அது எதுக்கும்மா?”

“அன்னைக்கு என் கண்ணுக்கு மஞ்சளாத் தெரிஞ்சான். எல்லாரும் இல்லவே இல்லைன்னாங்க. எனக்குத்தான் பைத்தியமான்னு ஒரு தடவை பாத்துக்கணும்.” பிள்ளையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டே கேட்டாள்: “உங்களுக்குத் தெரிஞ்சுதா அக்கா?”

5

ஒரு முடிவில், படம் அழிந்துவிட்டது என்று சொல்கிறாள் படமெடுத்தவள். தாய் தன் கண்ணையே நம்பாமல் வீடு திரும்புகிறாள். இன்னொன்றில் திரையைத் திருப்பிக் காட்டுகிறாள். தாய் போட்ட அலறலுக்குத் தோளில் கிடந்த பிள்ளை அசையக்கூட—

இல்லை. இரண்டையும் நான் வைத்துக்கொள்ளப்போவதில்லை. படமெடுத்தவளின் நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். பதில் சொல்ல வேண்டியது இனி நீங்கள். சீக்கிரம் சொல்லுங்கள், அந்தத் தாய் பிள்ளையோடு நின்றுகொண்டே இருக்கிறாள், அவளை உட்காரச் சொல்லக்கூட எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.