ஆரணிக்கு எத்தனை எழுத்து

போன மழையில் ஆற்றுத் தரைப்பாலம் முழுகியபோது செல்போன் கோபுரமும் சேர்ந்து படுத்துவிட்டது. கிளமெண்ட் ஆரணியில் தறிக்கூடத்தில் மாட்டிக்கொண்டான்; அவன் மனைவி அமலி ஆற்றுக்கு இந்தப் பக்கம் கிராமத்து வீட்டில் இருந்தாள். இரண்டு நாள் ஒருவர் சேதி மற்றவருக்குத் தெரியவில்லை. அப்போது அதைச் சிரித்துக் கடந்தார்கள். இந்த வருஷம் அப்படி முடியாது. அமலிக்கு எட்டாம் மாதம். ரத்தக் கொதிப்பு வேறு. தலை வலித்துக் கண் மங்கினால் உடனே வந்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். போய் இருக்க அவளுக்குத் தாய்வீடும் இல்லை.

வழி சொன்னவன் கோகுல்ராஜ். கிளமெண்டோடு படித்தவன், ஆரணியில் செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறான். கோபுரமும் இன்டர்நெட்டும் இல்லாமல் சேதி அனுப்பும் சின்ன ரேடியோக் கருவிகள் மூன்றை வரவழைத்தான். போனில் எழுதினால் ஒரு கருவி இன்னொன்றுக்கு அனுப்பும். தூரம் எட்டாவிட்டால் நடுவில் இருக்கும் கருவி வாங்கிக் கடத்திவிடும். ஏரியலை மாட்டாமல் சுவிட்சைப் போட்டால் எரிந்துபோகும் என்று பல தடவை எச்சரித்தான்.

"உன் அவசரம் தெரிஞ்சுதாண்டா சொல்றேன். கல்யாணத்தன்னிக்கு மோதிரத்த வூட்ல உட்டுட்டு சர்ச்சுக்கு வந்தவன் நீ" என்றான்.

நடுக்கருவிக்கு உயரமான இடம் வேண்டும். கிராமத்து ஆற்றோரத்தில், அமலிக்கு அக்கம்பக்கத்துக்காரி செல்லியம்மாளின் மாடிதான் உயரம். அவளிடம் கேட்கக் கிளமெண்ட் தயங்கினான். அவள் காதில் விழுந்தது பொழுது சாய்வதற்குள் ஊரைச் சுற்றிவிடும் என்று பெயர். ஆனாலும் போய்க் கேட்டான்.

"இதுல போற சேதியெல்லாம் எனக்குக் கேக்குமா?" என்றாள்.

"கேக்காதுக்கா. வர்றத அப்படியே தள்ளிவுடும். உள்ள இன்னா கீதுன்னு அதுக்கே தெரியாது."

"அப்ப என்னவுட நல்ல பொறவி. வச்சிக்க" என்று சிரித்தாள். கருவியைப் போட்டு மூட, கண்ணாடி போலத் தெரியும் மூடியுள்ள டப்பா ஒன்றையும் அவளே கொடுத்தாள். தண்ணீர்த் தொட்டியின் மேல் அதைக் கட்டினார்கள்.

ஆனால் சேதி போகவில்லை. மூன்று நாள் பார்த்தார்கள். கோகுல்ராஜ் தூரத்தைக் குறை சொன்னான்; ஏரியலை மாற்றினான். கிளமெண்ட், வீட்டிலேயே இருந்துவிட எண்ணி, தறியில் பாதியில் நிற்கும் முகூர்த்தப் புடவையை வேறு ஆளிடம் கொடுத்துவிடச் சொல்ல முடிவு செய்தான். வேலை போனால் பிரசவச் செலவுக்கு என்ன செய்வது என்று அமலி கேட்கவில்லை. ஜெபத்தில் மட்டும் அதைச் சொன்னாள்.

மறுநாள் காலை அவள் மருத்துவச் சீட்டுகளை எடுத்து அடுக்கினாள். மகப்பேறு உதவிக்கு அவள் போட்ட மனு ஒருமுறை திரும்பி வந்திருந்தது. ஆதார் முகவரியில் ஆரணி ஆங்கிலத்தில் ஐந்து எழுத்து, Arani. வங்கிப் புத்தகத்தில் நான்கு, Arni. அந்த மனுவைக் கையில் வைத்தபடியே கருவியின் சின்னத் திரையைப் பார்த்தாள்; குழுவின் பெயராக அதில் Arani என்று இருந்தது. குழுவின் பெயர் மூன்றிலும் ஒன்றாக இருந்தால்தான் கருவிகள் பேசிக்கொள்ளும் என்று கோகுல்ராஜ் சொன்னது நினைவுக்கு வந்தது. வீட்டுக் கருவியில் பெயரை அடித்தவன் கிளமெண்ட். உடனே கோகுல்ராஜுக்குப் போன் செய்தாள்.

"அண்ணே, ஆரணிக்கு நீங்க எத்தன எழுத்து போட்டீங்க?"

தன் கடைப் பெயர்ப்பலகையில் உள்ளதுபோலவே அவன் மற்ற இரண்டு கருவிகளிலும் நான்கு போட்டிருந்தான். அமலி ஒரு எழுத்தை அழித்தாள். அடுத்த நிமிஷம் தறிக்கூடத்திலிருந்து வந்தது முதல் சேதி: "சாப்டியா?"

அதற்கு நான்காம் நாள் பகலிலேயே வானம் இருண்டு கொட்டியது. கோபுரம் படுத்தது. மூன்று மணிக்கு அமலிக்குத் தலை வலித்தது. சுவரில் இருந்த சிலுவை இரண்டாகத் தெரிந்தது. 'கண் மங்குது. வாங்க' என்று தடவித் தடவி எழுதி அனுப்பினாள்.

தறியில் ஓடிய நாடாவைப் பாதியில் விட்டுக் கிளமெண்ட் எழுந்தான். கோகுல்ராஜ் கடையைப் பூட்டாமலே காரை எடுத்தான். தரைப்பாலத்தில் தண்ணீர் இன்னும் ஏறவில்லை. வீட்டுக்குள் நுழைந்தபோது, நனைந்த புடவையோடு செல்லியம்மாள் அமலியைத் தோளில் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். பையும் சீட்டுகளும் தயாராக இருந்தன.

"துணி எடுக்க மாடிக்குப் போனேன். டப்பாவுல வெளக்கு மின்னுச்சு" என்றாள். "சேதி இன்னான்னு அது சொல்லல. அதான் கேக்க வந்தேன்."

கேட்க வரும் மனிதர் ஒருவரைத் தந்ததற்காகக் கடவுளுக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆரணி ஆஸ்பத்திரிக்குப் போகக் காரில் ஏறும்போது அமலி தன் போனையும் கருவியையும் அவள் கையில் கொடுத்தாள். கிளமெண்டின் கருவி அவன் பையில் இருந்தது.

"நல்ல சேதி வந்தா நீங்களே ஊருக்குச் சொல்லுங்கக்கா."

மறுநாள் விடியும்போது பாலம் தண்ணீருக்குள் இருந்தது, கோபுரம் எழவில்லை. தொட்டி மேல் விளக்கு மின்னியது. செல்லியம்மாள் அமலியின் போனை எடுத்து எழுத்துக் கூட்டிப் படித்தாள்: 'பொண்ணு. ரெண்டு பேரும் சொகம்.'

இரண்டாம் முறை படிக்க அவள் நிற்கவில்லை. மழையில் முதல் வீட்டுக் கதவைத் தட்டப் போய்விட்டாள்.