பதினேழாம் நம்பர்

எங்கள் கம்பெனியில் நான் இரண்டு மேனேஜர்களைப் பார்த்திருக்கிறேன். முதலாமவர் கத்துவார், இரண்டாமவர் கேட்பார். கத்தியவரிடம் பதினோரு வருடம் தப்பித்த நான், கேட்டவரிடம் ஒரே மதியத்தில் மாட்டிக்கொண்டேன்.

ஆம்பூரில் ஷூவுக்கு மேல்பாகம் தைக்கிற கம்பெனி அது. தொண்ணூற்று ஒன்றில் தையல் மெஷினில் சேர்ந்தேன். மேனேஜர் நிசார் அஹமது பாய், வாணியம்பாடிக்காரர். எண்பது மெஷின் ஓடுகிற சத்தத்தையும் மீறி அவர் குரல் வாசல்வரை கேட்கும். தையல் கோணிப்போனால் பீஸைத் தூக்கி மேஜையில் எறிந்து, கண்ணு இன்னா பொடனியிலயா இருக்குது என்பார். சாயங்காலம் அதே ஆளிடம், புள்ளைக்கு ஜுரம் விட்டுதா என்று போகிறபோக்கில் விசாரித்துவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போவார். வேலையைப் பற்றி எங்கள் யாரையும் அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அதனால் எங்களுக்கும் அவரிடம் பொய் சொல்லவேண்டி வந்ததில்லை.

எங்கள் லைனில் பதினோரு பேர். எனக்குப் பக்கத்து மெஷின் அமிர்தவள்ளி. பள்ளிகொண்டாவிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருவாள். தைத்த பீஸின் உள்பக்கத்தில் அவரவர் நம்பரை சில்வர் பேனாவால் எழுதவேண்டும் என்பது சட்டம். யார் தைத்தது என்று அதை வைத்துத்தான் கண்டுபிடிப்பார்கள். அமிர்தவள்ளி பதினேழு, நான் பதினெட்டு. ஒருத்திக்கு உடம்பு முடியாத நாளில் மற்றவர்கள் தலைக்கு இரண்டு மூன்று பீஸ் கூடுதலாகத் தைத்து, அதில் அவள் நம்பரை எழுதி அவள் ட்ரேயில் போட்டுவிடுவோம். இதற்கு எங்களுக்குள் கைமாத்து என்று பெயர். என் இரண்டாவது மகள் வயிற்றில் இருந்தபோது கால் வீங்கி பெடலே மிதிக்க முடியவில்லை. அந்த இரண்டு மாதமும் பதினெட்டு என்று எழுதியதில் பாதி அமிர்தவள்ளியின் கையெழுத்து. அதை ஒருநாளும் அவள் சொல்லிக்காட்டியதில்லை.

இரண்டாயிரத்து இரண்டில் வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அடுத்த மாதமே நிசார் பாய் ஓய்வு பெற்றார். சென்னையிலிருந்து ஷாஜின் சார் வந்தார். முப்பது வயதுதான் இருக்கும், எம்பிஏ. லைனுக்கு ஒரு வெள்ளைப் பலகை மாட்டி, மணிக்கு மணி யார் எத்தனை பீஸ் என்று எழுதவைத்தார். குரல் உயர்த்தவே மாட்டார். எங்களை சிஸ்டர் என்பார். லைனிலிருந்தே ஒருவரை சூப்பர்வைசராக எடுக்கவேண்டும் என்று அவர் சொன்னபோது, பத்தாவது பாஸ் என்பதால் என் பெயர் அடிபட்டது. எனக்கு விருப்பமில்லை. அமிர்தவள்ளிதான் விடவில்லை.

“நீ போ சுந்தரி. நம்ம ஆளு ஒருத்தி அங்க இருந்தா நமக்கு நல்லதுதான? வேற எவளாவது வந்தா நம்ம பொழப்பு பேஜாராய்டும்.”

போனேன். போன பிறகுதான் தெரிந்தது, சூப்பர்வைசர்கள் ஸ்டாஃப் ரூமில்தான் சாப்பிடவேண்டும் என்பது புது விதி. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் என் லைன் வட்டமாக உட்கார்ந்து டப்பா மூடிகளைப் பரப்பும். ஆளுக்கொரு கரண்டி எல்லா மூடியிலும் விழும். திங்கட்கிழமை எங்கள் லைன் ஃபிர்தௌஸ் வீட்டு ஞாயிற்றுக்கிழமை பிரியாணி. அமிர்தவள்ளி கொண்டுவரும் கருவாட்டுக் குழம்பின் வாசனை கண்ணாடியைத் தாண்டி வரும், நான்தான் தாண்டிப் போகமுடியாது. அவர்கள் எதற்கோ விழுந்து விழுந்து சிரிப்பார்கள். இந்தப் பக்கம் நான், கணக்காளர் தேவானந்தம் தன் மூட்டுவலியைப் பற்றிச் சொல்வதைக் கேட்டுக்கொண்டு தயிர்சாதம் தின்பேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சம்பளம் உயர்ந்த அந்த இரண்டு வருடமும் அந்தச் சிரிப்பு எதற்கென்று தெரியாமல் ஏங்கினேன். ஆனாலும் ஃபிர்தௌஸ் தினமும் ஒரு மூடியில் என் பங்கைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவாள். அமிர்தவள்ளி அனுப்புவது அது.

இரண்டாயிரத்து நான்கில் அமிர்தவள்ளிக்குச் சர்க்கரை கண்ணுக்கு இறங்கிவிட்டது. கண்ணாடி போட்டும் பயனில்லை, இருக்கிற பார்வையைக் காப்பாற்றினாலே பெரிது என்று வேலூர் டாக்டர் சொல்லிவிட்டார். கறுப்புத் தோலில் கறுப்பு நூல் ஓட்டுவது கண் நல்லாயிருப்பவர்களுக்கே திண்டாட்டம். ஆனால் பலகையில் பதினேழாம் நம்பரின் கணக்கு ஒருநாளும் இறங்கவில்லை.

ஒருநாள் அவள் ட்ரேயிலிருந்து ஒரு பீஸை எடுத்துப் பார்த்தேன். நம்பர் பதினேழு. தையல் முடிகிற இடத்தில் நூல் பிரியாமல் இருக்கத் திருப்பி இரண்டு தையல் போட்டிருந்தது. அமிர்தவள்ளி எப்போதும் மூன்று போடுவாள். இரண்டு போடுவது ஃபிர்தௌஸ். நான் பீஸை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு நகர்ந்தேன். அன்று முழுக்க மனது லேசாக இருந்தது. இத்தனை நாளுக்குப் பிறகு நானும் அவர்களோடு ஏதோ ஒன்றில் சேர்ந்துகொண்டேன் என்று தோன்றியது.

இரண்டு வாரம் கழித்து ஷாஜின் சார் கூப்பிட்டார். மேஜைமேல் பதினேழாம் நம்பர் பீஸ்கள் இரண்டு குவியலாக இருந்தன. ஒன்றில் தையல் கோடு போட்டதுபோல நேராக இருந்தது. மற்றதில் வழி தெரியாமல் அலைந்திருந்தது. என்னை உட்காரச் சொன்னார். தண்ணீர் எடுத்து நீட்டினார். ஒரே ஆள் எப்படி இரண்டு விதமாகத் தைக்கமுடியும் என்று அவருக்குப் புரியவில்லையாம்.

“இவங்க நல்லா தைக்கிறவங்க. வீட்டுல ஏதாவது கஷ்டமா? பதிமூணு வருஷ அனுபவம் உங்களுக்கு. நீங்க என்ன நினைக்கிறீங்க சிஸ்டர்?”

பேனாவை மூடி வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தார். நடிப்பில்லை, நிஜமாகவே அவருக்கு என் அபிப்பிராயம் வேண்டியிருந்தது. பிறந்ததிலிருந்து அப்பா கேட்டதில்லை, கட்டிக்கொண்டவர் கேட்டதில்லை, நிசார் பாய் கேட்டதே இல்லை. நிசார் பாயாக இருந்தால் இந்நேரம் இரண்டு குவியலையும் என் தலைமேல் எறிந்து கத்தியிருப்பார், நானும் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்திருப்பேன். விஷயம் அதோடு போயிருக்கும். இவர் கேட்டார், நான் சொன்னேன். சர்க்கரையைச் சொன்னேன், கைமாத்தைச் சொன்னேன். இரண்டு தையலுக்கும் மூன்று தையலுக்கும் உள்ள வித்தியாசத்தை விரலால் தொட்டுக் காட்டினேன். பெரிய படிப்பாளி மாதிரி விளக்கினேன். அவர் தலையாட்டத் தலையாட்ட எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

அவர் கோபப்படவில்லை. யாரையும் வேலையை விட்டு எடுக்கவில்லை. கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம், அதே சம்பளத்தில் பேக்கிங்குக்குப் போகட்டும் என்றார். மற்றவர்களை உட்காரவைத்து, ஒருவர் நம்பரை இன்னொருவர் எழுதினால் தவறு எங்கே என்றே தெரியாமல் போய்விடும் என்று பொறுமையாகப் புரியவைத்தார். குறைசொல்ல ஒன்றுமில்லை. பேக்கிங் முற்றத்துக்கு அந்தப் பக்கம், வேறு கட்டடம். அமிர்தவள்ளி தன் துணிப்பையை எடுத்துக்கொண்டு முற்றத்தைக் கடந்து போனபோது, லைனில் ஒரு மெஷினும் நிற்கவில்லை.

அந்த மாதம் ரிஜெக்ட் பாதியாகக் குறைந்தது. எங்கள் லைனுக்குக் கோப்பை கொடுத்தார்கள், நான்தான் போய் வாங்கினேன். லைனில் யாரும் என்னோடு சண்டைக்கு வரவில்லை. காலையில் குட் மார்னிங் சொன்னார்கள், சொன்ன வேலையைச் செய்தார்கள். ஸ்டாஃப் ரூமுக்கு மூடி வருவது மட்டும் நின்றுபோனது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மிச்சமிருந்த ஒன்பது பேரும் சத்தமில்லாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்தார்கள்.

பொறுக்கமுடியாமல் ஷாஜின் சாரிடம் போய், அமிர்தவள்ளியைத் திரும்ப லைனுக்குக் கொண்டுவர முடியுமா, எடுபிடி வேலையாவது கொடுக்கலாமா என்று கேட்டேன். அவர் ஆச்சரியப்பட்டார். டாக்டர் சீட்டைக் காட்டி, நீங்கள் சரியான நேரத்தில் சொன்னதால்தான் அந்தப் பார்வையாவது மிஞ்சியது என்று மனசாரப் பாராட்டினார். அவர் சொன்னது உண்மையாகக்கூட இருக்கலாம். நான் வெளியே வந்துவிட்டேன்.

பேக்கிங்கில் சாப்பாட்டு மணி எங்களுக்கு அரைமணி முன்னால். ஒருநாள் விதியாவது ஒன்றாவது என்று டப்பாவை எடுத்துக்கொண்டு முற்றத்தைத் தாண்டினேன். மற்றவர்கள் எல்லாம் கல்யாணமாகாத பெண்கள், கும்பலாகக் கேன்டீனுக்குப் போயிருந்தார்கள். அமிர்தவள்ளி மட்டும் அட்டைப்பெட்டி அடுக்கின் ஓரம் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். என் நடையை வைத்தே தெரிந்துகொண்டாள் போலிருக்கிறது, நிமிரவில்லை.

வழியெல்லாம் யோசித்துவைத்திருந்ததைச் சொன்னேன். அவள் கண்ணுக்காகத்தான் சொன்னேன், எத்தனை நாளைக்கு மறைக்கமுடியும், இங்கே வேலையும் சுலபம் என்றேன். அவள் கடைசிக் கவளம்வரை மெதுவாகச் சாப்பிட்டு, டப்பாவை மூடினாள்.

“வேலை ஒண்ணும் கஷ்டமில்ல,” என்றாள். பிறகு, “அன்னிக்கு நீ என் ட்ரேல பீஸை எடுத்துப் பாத்த இல்ல? ஃபிர்தௌஸ் மெஷினையே நிறுத்திட்டா. நான்தான் சொன்னேன், சுந்தரிதாண்டி பாக்குறா, பயப்படாதன்னு.”

திட்டுகிற குரலே இல்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். சொல்லிவிட்டு ஒரு பீஸை எடுத்து, விரலால் தடவிப் பார்த்துக் காகிதத்தில் சுற்றினாள். பெட்டியில் வைத்தாள். அடுத்த பீஸை எடுத்தாள்.

நான் டப்பாவைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தேன். அவளுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் உட்கார இடம் இருந்தது. உட்காரு என்று அவள் சொல்வாள் என மணி அடிக்கிறவரை நின்றேன்.